ஒற்றை வெட்டு

ஏற்காட்டு முதல் பஸ்ஸில் இறங்கி
செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தே வந்திருக்கிறாள்.
ஷட்டரைப் பாதி தூக்கியபோது
வெளியே இரண்டு கால்கள் நின்றன,
செருப்போரம் காப்பித் தோட்டத்துச் செம்மண்.

பெயர் குருவாயி. வெள்ளக்கடைக்கு மேலே வீடு.
துண்டை அவிழ்த்துக் கத்தியைக் கல்லாமேல் வைத்தாள்.
"இது அரத்துல அடிச்சது இல்லைன்னு
ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

தோட்டத்தில் அரம் ஒன்று காணோமாம்.
இவள் இடுப்பில் இருந்ததைப் பார்த்துவிட்டு ரைட்டர்
"அரம் போன வழி தெரிஞ்சுபோச்சு" என்றானாம்.
இரண்டு வாரக் கூலி நிற்கிறது.
கத்தி ஓமலூர்ச் சந்தையில் வாங்கியது.
எந்த வருஷம் என்றால்
"மூத்தவளுக்குக் காது குத்துன வருஷம்."
மூத்தவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

பிடியைக் கழற்றினேன்.
முதுகு தடிப்பு, நுனிக்குப் போகப் போக இளைப்பு.
வால் தோளில்லாமல் சரிகிறது.
அரத்தின் வால் அப்படித்தான் சரியும்,
ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.
லாரிப் பட்டையிலும் அப்படி இழுப்பவர்கள் உண்டு.

சாணையைப் போட்டு
வாலின் ஓரத்தை ஒரு நொடி, ஒரே நொடி காட்டினேன்.
சாதா இரும்பு நீளமாய்க் கோடு கிழிக்கும்.
இது கல்லை விட்டதுமே வெடித்தது,
குட்டையாக, கிளைக்குள் கிளையாக,
கார்த்திகைக்குச் சுற்றும் மாவலி மாதிரி.
குருவாயி பின்வாங்கவில்லை.
"நல்லதா, கெட்டதா?"
"நல்ல இரும்பு" என்றேன்.
அவள் கேட்டது அதையல்ல.

டீக்கடையில் அரை எலுமிச்சம்பழம் வாங்கி
பிடியை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குத் தேய்த்து வைத்தேன்.
இருவருக்கும் சொன்ன டீ, இருவருக்கும் ஆறியது.
துடைத்தபோது
கறுப்புக்குள்ளிருந்து வரிகள் எழுந்தன.
சாய்ந்த வரிகள், நெருக்கமாய்.
சுத்தியல் பட்ட இடத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி
நுனிப்பக்கம் போய்க் கரைந்துபோகிற வரிகள்.

அரம்தான்.

நான் வாய் திறக்கவில்லை. அவள் துண்டை எடுத்துவிட்டாள்.
"இரும்மா."

அந்தத் தோட்டம் என்னிடம் வாங்குகிற தோட்டம்.
தொலைந்தால் எனக்கு நல்ல வியாபாரம் தொலையும்.
பில் புத்தகத்தைத் தூசி தட்டித் தேடினேன்.
கார்பன் நீலத்தில், போன ஆடி:
பட்டை அரம், பன்னிரண்டு இஞ்சு, இரட்டை வெட்டு, இரண்டு.
அலமாரியிலிருந்து அதே அரம் ஒன்றை எடுத்து
எண்ணெய்த் தாளைப் பிரித்துக் கத்தியின் பக்கத்தில் வைத்தேன்.
வரியை வரி குறுக்கே அறுத்து
குட்டிக் குட்டி டைமன் கட்டம்.
கட்டைவிரலால் அதைத் தடவினாள், பிறகு தன்னுடையதை.
"என்னுது ஒரே பக்கமாத்தான் சாயுது."
"ஆமா. ரம்பம் தீட்டுற அரம். ஒற்றை வெட்டு.
ரைட்டர் பிறக்கிறதுக்கு முன்னாடியே தேஞ்சது."

சீட்டு எழுதிப் படித்துக் காட்டினேன்.
இக்கத்தி அரத்தில் அடிக்கப்பட்டது.
காணாமல்போன அரத்தில் அல்ல.

"முதல் வரியோட நிறுத்திடுவான் அவன்" என்றாள்.
உண்மைதான். மேல்வரியைக் கீழே போட்டு
மறுபடி படித்தேன்.
"அரம்னு எத்தனை இடத்துல இருக்கு?"
"ரெண்டு."
"என் கத்தி பக்கத்துல இருக்கறதை அடிச்சிருங்க."

சாணைக்காரனுக்கு அது பொய்.
கடைக்காரனுக்கு அது வெறும் மை.
பேனாவைச் சாய்த்து அந்தச் சொல்லின்மேல்
ஒரே பக்கமாய் ஏழெட்டுக் கோடு இழுத்தேன்.

வாங்கி, ஷட்டர் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தாள்,
எழுத்துத் தெரியாதவள்.

"இன்னும் தெரியுது" என்றாள்.

வேறு தாள் கிழித்தேன்.